மூக்கு நீட்டிய விதை

அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்தது அவளுடைய அக்கா புருஷன், அத்தான். விதைப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக விதைகளை எண்ணி, நிறுத்து, ஈரத் தாளில் சுருட்டி முளைக்க வைத்துக் கணக்கெடுக்கிற ஒருத்திக்கு வேறு என்ன பெயர்தான் பொருந்தும்? கடையில் வாங்கிய வெங்காயத்தை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்த்து, நாற்பது கிராம் கூடுதலாக வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய ஆள் அவள். கடைக்காரர் இன்றைக்கும் அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறார்.

அத்தான் ஐஸ் வண்டி ஓட்டுகிறவர். விடியற்காலையில் ஐஸ் தொழிற்சாலையில் பாளம் பாளமாக ஏற்றி, மீன் கடைகளுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் போட்டுவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடுவார். அதற்குப் பிறகு நிலம். நிலம் என்றால் இரண்டரை ஏக்கர் மானாவாரி, வானம் பார்த்தால்தான் உண்டு. அதில் சோளம் போடுவார்கள். போட்டார்கள் என்று சொல்வதுதான் சரி, ஏனென்றால் இரண்டு வருஷமாக ஒன்றும் முளைக்கவில்லை. முதல் மழை பெய்யும், ஆசையாக விதைப்பார்கள், அடுத்த நாளே வெயில் ஏறிக்கொள்ளும். விதை தண்ணீர் குடித்து, யோசித்து, எழுந்து வருவதற்குள் மேல்மண் ஓடு மாதிரி இறுகிப் போகும்.

பக்கத்தில் கிடங்கு கட்டுகிற கம்பெனி ஒன்று வந்திருந்தது. அதன் ஆள் வாராவாரம் வந்து, "நிலத்தக் குடுத்துடுங்க சார்" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனார். அத்தான் கடைசியில் சொல்லிவிட்டார், இந்த ஒரு விதைப்பும் பொய்த்தால் கையெழுத்துப் போட்டுவிடுவது என்று. அக்கா அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டில் மிச்சமிருந்த பன்னிரண்டரை கிலோ விதையைத் தகர டின்னில் போட்டு, தன் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டாள். அவள் சொன்ன பதில் அவ்வளவுதான். ஆனால் தங்கைக்கு அது போதும். அந்த டின்னைப் பார்த்த நாளிலிருந்து தராசுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

"அக்கா, விதைய ஊறவச்சுப் போடலாம்" என்றாள் ஒருநாள்.

"ஊறவச்சா அழுகாதா?"

"ஊறவச்சு, மறுபடி நிழல்ல காயவச்சு, பழைய எடைக்குக் கொண்டுவந்துட்டுப் போடணும். இப்ப ஒருத்தர் பஸ் வந்த பிறகு எழுந்து, குளிச்சு, சட்டையத் தேடினா பஸ் நிக்குமா? நம்ம விதை அப்படித்தான் பண்ணுது. மண்ணுல ஈரம் இருக்கறதே அஞ்சு நாள், அதுல மூணு நாள் தயாராகறதுக்கே போயிடுது. முன்னாடியே ஊறவச்சோம்னா உள்ள எல்லா வேலையும் முடிஞ்சிருக்கும். காயவச்சா அப்படியே நிக்கும். மண்ணுல ஈரம் பட்டதும் செருப்பு மாட்டிக்கிட்டுக் கிளம்பற வேலை மட்டும்தான் பாக்கி."

அத்தான் சிரித்தார். "விதைக்குச் செருப்பு வேற வாங்கணுமா தராசம்மா?"

சிரித்தாலும் மனுஷர் நியாயஸ்தர். முதலில் தட்டில் போட்டுப் பார்க்கலாம், முளைத்தால் நிலத்துக்கும் அதே மாதிரி, முளைக்காவிட்டால் இந்தப் பேச்சே கூடாது என்று முடிவானது. பரிசோதனைக் கூடத்துக் கணக்குப்படி சோளத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். காலை ஆறு மணிக்கு, அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஒரு வாளித் தண்ணீரில் கால் கிலோ விதையை அவளே போட்டாள். "சாயந்தரம் ஆறு மணி ஆனதும் எடுத்துடு அக்கா, ஒரு நிமிஷம் கூடக் கூடாது" என்று பத்துத் தடவை சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அக்கா பத்து நிமிஷம் முன்னதாகவே போய் வாளிக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்து, சரியாக ஆறுக்கு எடுத்து வடிகட்டினாள். நிழலில் காயவைத்தார்கள். எடை கிராம் பிசகாமல் பழைய இடத்துக்கு வந்தது.

அப்புறம் தராசு ஒரு காரியம் செய்தாள். பரிசோதனைக் கூடத்து ஆட்கள் மட்டும்தான் அப்படிச் செய்வார்கள். எண்ணுகிறவருக்கு எது எந்த விதை என்று தெரியக் கூடாது, தெரிந்தால் கண் ஆசைப்பட்டதை எண்ணும் என்பது அங்கே சட்டம். அதனால் ஊறிய விதையையும் ஊறாத விதையையும் கூட வேலை பார்க்கிற சோடாபுட்டியிடம் கொடுத்தாள். தடிமனான கண்ணாடி போட்ட அந்த மனுஷர் கொட்டகைக்கு வந்து, ஒரே மண் நிரப்பிய நான்கு தட்டுகளில் தட்டுக்கு நூறாக விதைத்து, எண் ஒட்டி, எது எது என்கிற ரகசியத்தைத் தன் டைரியில் எழுதிப் பூட்டிக்கொண்டார். நான்கு தட்டுக்கும் ஒரே ஒரு தடவை, தொண்டை நனைகிற அளவுக்குத் தண்ணீர். அதோடு சரி.

"சொந்த அக்கா வீட்டுத் தட்டு. இதுக்கும் ரகசியமா?" என்று அத்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் தராசு கொட்டகைக்குள் நுழைந்ததுமே கத்திவிட்டாள். இரண்டாம் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் பச்சை! சின்னச் சின்ன ஊசிகளாக மண்ணைக் குத்திக்கொண்டு நின்றன. ஒன்றும் நான்கும் மொட்டை. எண்ணினாள். இரண்டில் நாற்பத்தொன்று, மூன்றில் முப்பத்தெட்டு. மொட்டைத் தட்டுகளில் நான்கு, இரண்டு.

"பாத்தீங்களா அத்தான்! இவ்வளவு காஞ்ச மண்ணுல நாப்பது! போன வருஷம் நிலத்துல பத்துகூட வரலையே!"

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். "உன் தங்கச்சி ஜெயிச்சுட்டாடீ!" அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"இருங்க, இருங்க. சோடாபுட்டியக் கேக்கணும்" என்றாள் தராசு.

"இதுல கேக்க என்ன இருக்கு? பச்சையா நிக்கறது நம்மது."

"கேக்காம எழுத மாட்டேன் அத்தான்."

போனை ஒலிபெருக்கியில் போட்டாள். மறுமுனையில் டைரி புரளும் சத்தம் கேட்டது. "ரெண்டு, மூணு..." என்று இழுத்தார் சோடாபுட்டி. "ரெண்டும் மூணும் ஊறவைக்காதது. ஒண்ணும் நாலும்தான் ஊறினது. ஏன், நல்லா வந்திருக்கா?"

தராசு போனை அணைத்தாள். காது மடல் வரைக்கும் சூடேறியது. தன்னுடைய விதை செத்துக் கிடந்தது, அதுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அத்தான் அவளை ஒரு வார்த்தை கேலி செய்திருந்தால்கூடத் தேவலை. அவர் செய்யவில்லை. மெதுவாக, "சரி விடும்மா, முயற்சி பண்ணின. அந்தக் கம்பெனி ஆளுக்கு நாளைக்குச் சொல்லிடறேன்" என்றார்.

அப்போதுதான் கொட்டகைத் தகரத்தில் முதல் சொட்டு விழுந்தது. பிறகு பத்துச் சொட்டு, பிறகு நூறு. நாற்பது நிமிஷம் கொட்டித் தீர்த்துவிட்டு, வேலை முடிந்த ஆள் மாதிரி போய்விட்டது. வருஷத்தின் முதல் மழை! நியாயமாக மூன்று பேரும் குதித்திருக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஊறாததையே போட்டுடலாமா?" என்றார் அத்தான்.

"போன வருஷம் அதத்தானே போட்டோம்" என்றாள் அக்கா.

தராசு முதல் தட்டின் முன்னால் குத்த வைத்தாள். விரலால் மண்ணைக் கிளறி, ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அடுத்தது. அடுத்தது. தோல் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் கடுகில் பாதி அளவுக்குப் பழுப்பாக, சுருங்கி, காய்ந்துபோன ஒரு முனை.

"அக்கா! வாளியிலேருந்து எடுத்தப்போ விதை எப்படி இருந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அழகா இருந்துச்சுடி. எல்லாம் வெள்ளையா மூக்க நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நல்ல சகுனம்னு நினைச்சு உன்கிட்டகூடச் சொல்லல. கண்ணு பட்டுடுமோன்னு."

தராசு எழுந்து நின்று சிரித்தாள். சாதாரணச் சிரிப்பில்லை, கைதட்டிக்கொண்டு சிரித்தாள். அத்தான் அக்காவைப் பார்த்தார். தங்கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

"சாகல அத்தான், அவசரப்பட்டிருக்கு! பஸ் வர்றதுக்கு முன்னாடியே ரோட்டுல இறங்கி ஓடிடுச்சு! உள்ளுக்குள்ள தயாராகி நிக்கணும், வேர் வெளிய வரக் கூடாது. வேர் வெளிய வந்ததுக்கு அப்புறம் காயவச்சா வேர் கருகிடும். அதான் நடந்திருக்கு."

"பன்னண்டு மணி நேரம்னு நீதானேடி சொன்ன?"

"சொன்னேன்." அவள் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மழை விட்டு வெயில் அடித்ததில் தகரம் மறுபடி காந்த ஆரம்பித்திருந்தது. மூலையில் மூடி போட்டிருந்த தண்ணீர் டிரம்மில் கையை விட்டாள். வெந்நீர் மாதிரி, தலைக்கு ஊற்றிக் குளிக்கலாம் போலிருந்தது. "எங்க இடத்துல ஏசி ரூம் அக்கா. இருபது டிகிரி. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்போம். அந்தக் குளிருக்குத்தான் பன்னண்டு மணி. இந்தச் சூட்டுக்கு விதை எட்டு மணியிலயே தயாராகியிருக்கும், மிச்ச நேரத்துல ஓடிடுச்சு. நான் உனக்கு மணியச் சொன்னேன், விதையப் பார்க்கச் சொல்லல. தப்பு என் மேல."

"அப்ப தண்ணி சூடுதான் பிரச்சினையா?" என்றார் அத்தான். குரலே மாறிவிட்டது.

"ஆமா."

"ஏம்மா, ஐஸ் வண்டிக்காரன் வீட்டுல வந்து தண்ணி சூடுன்னு அழறியே! முதல்லயே சொல்லியிருந்தா என்ன? எத்தனை பாளம் வேணும்?"

தராசுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் டின் அக்காவுடையது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்லி அதைத் திறக்க வைக்க அவளுக்கு வாய் வரவில்லை. "அக்கா, சத்தியமா இத்தனை மணின்னு என்னால சொல்ல முடியாது. பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தா பிடிச்சுடலாம். பிடிக்காம விட்டா பன்னண்டு கிலோவும் போயிடும். ஈரம் இன்னும் அஞ்சு நாள்தான். பாதிய மட்டும் ஊறவைக்கலாமா?"

அக்கா உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை இழுக்கும் சத்தம் கேட்டது. கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "பாதி நிலத்துக்கு நான் எங்கடி போறது? மொத்தமும் போடு. ஓரமா ரெண்டு வரிசைக்கு மட்டும் ஊறாதது எடுத்துக்க. இல்லாட்டி உனக்குத் தூக்கம் வராது."

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு ஐஸ் வந்து இறங்கியது. தராசு லீவு சொல்லியிருந்தாள். விதை போட்ட டிரம்மில் வெப்பமானி தொங்கியது. அத்தான் முதல் வேகத்தில் ஒரு முழுப் பாளத்தைத் தூக்கிப் போட, முள் பன்னிரண்டுக்கு இறங்கியது. "விதைய ஊறவைக்கச் சொன்னேன், மீன் மாதிரி பதப்படுத்தச் சொல்லல!" என்று அவள் கத்த, அவர் குழந்தை மாதிரி பாளத்தை வெளியே தூக்கினார். அதற்குப் பிறகு கொட்டாப்புளியால் சின்னச் சின்னதாக உடைத்து, அரை மணிக்கொரு தடவை கைப்பிடி கைப்பிடியாகப் போட்டார். முள் இருபதை விட்டு நகரவில்லை. தன் ஐஸ் இவ்வளவு மரியாதையான வேலை செய்து அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. வாடிக்கைக் கடைகளுக்கெல்லாம் போன் பண்ணி, இன்றைக்கு லோடு பிந்தும் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

மதியத்திலிருந்து பிளேடு வேலை. பத்து விதையை எடுத்து, குறுக்கே இல்லாமல் நெடுக்கே பிளந்து, பூதக்கண்ணாடியில் பார்ப்பாள். கரு உப்பிக்கொண்டே வந்தது; தோல் மட்டும் கிழியவில்லை. "நூறுல ஒண்ணு மூக்க நீட்டினாலே போதும் அக்கா, அந்த நிமிஷம் எல்லாத்தையும் வெளிய எடுத்துடணும்" என்று சொல்லியிருந்தாள். அக்கா ஒரு வெள்ளைத் தட்டில் நூறு நூறாகப் பரப்பி, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மூன்று மணி. ஒன்றுமில்லை. நாலு மணி. ஒன்றுமில்லை. காபி ஆறி ஆடை படிந்தது. நாலேகாலுக்கு அக்கா போட்ட சத்தத்தில் அத்தான் கையிலிருந்த கொட்டாப்புளியைக் கீழே போட்டார்.

"மூக்கு! மூக்கு நீட்டிடுச்சு! இதோ பாரு!"

குண்டூசி முனையளவு வெள்ளை. ஒரே ஒரு விதையில்!

"எடுங்க! எடுங்க! எடுங்க!" என்று தராசு கத்தினாள். பதினோரு வருஷத்தில் அந்தக் குரலில் அவள் கத்தியதே இல்லை. டிரம்மைக் கவிழ்த்தார்கள், சல்லடையில் வடித்தார்கள், கூடம் முழுக்க விரித்திருந்த பருத்தித் துணியில் பரப்பினார்கள். வீட்டிலிருந்த நான்கு மின்விசிறியும் சுழன்றன. பக்கத்து வீட்டிலிருந்து ஐந்தாவது கடன் வாங்கினார் அத்தான். வடித்ததும் நிறுத்தபோது பதினாறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அன்று யாருக்கும் சமைக்கத் தோன்றவில்லை. அடுப்புக்குப் போகிற வழியெல்லாம் விதை. விடிந்ததும் நிறுத்தாள். பன்னிரண்டு கிலோ முந்நூறு.

"போதும். டிராக்டரக் கூப்பிடுங்க அத்தான்."

மத்தியானத்துக்குள் இரண்டரை ஏக்கரும் விதைத்து முடிந்தது, ஓரத்து இரண்டு வரிசை ஊறாத விதையோடு சேர்த்து. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்று, "ரெண்டாவது மழை வரட்டும்னு எல்லாரும் காத்திருக்கோம், உங்களுக்கு என்ன அவசரம்?" என்று கேட்டார். அத்தான், "எங்க விதைக்கு அவசரம்" என்றார்.

இரண்டாவது மழை வரவில்லை. வந்தது காற்று. முதல் நாள் மேல்மண் வெளுத்தது, இரண்டாம் நாள் வெடிப்பு ஓட ஆரம்பித்தது. தராசு வேலைக்குப் போனாள், ஆனால் அன்றைக்கு ஒரு தாளில் நூறுக்குப் பதிலாக நூற்றுமூன்று விதை வைத்துவிட்டாள். சோடாபுட்டி அதைப் பார்த்து மூன்றை எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் சாயந்தரம் மூவரும் போய்ப் பார்த்தார்கள். மண்தான் இருந்தது. அத்தான் குனிந்து ஒரு கட்டியை உதிர்த்துவிட்டு, வண்டியை எடுத்தார்.

நான்காம் நாள் காலை தராசு பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது நிலத்திலிருந்து போன் வந்தது. அக்கா. ஆனால் பேச்சில்லை, மூச்சுதான் வாங்கியது.

"அக்கா? என்னாச்சு? சொல்லேன்!"

"வா" என்றாள் அக்கா. "கோல எடுத்துக்கிட்டு வா."

எண்ணுவதற்கென்று அவள் வைத்திருந்த ஒரு மீட்டர் கோலை எடுத்துக்கொண்டு, வாயில் நுரை காயாமல் ஸ்கூட்டரில் பறந்தாள். தூரத்திலிருந்தே தெரிந்தது. கோடு! பச்சையாக, நேராக, நிலத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் கோடு கோடாக! இறுகிய மண்ணைப் பிளந்துகொண்டு, சில இடத்தில் மண்ணோட்டைத் தலையில் தூக்கிக்கொண்டே நின்றன. ஓரத்து இரண்டு வரிசையில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும். அவளுக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு, கோலைப் போட்டு எண்ண உட்கார்ந்தாள். இருபது இடத்தில் எண்ணினாள். நூற்றுக்கு எண்பத்து மூன்று. நம்பாமல் இன்னும் இருபது இடத்தில் எண்ணினாள். எண்பத்து நான்கு.

அக்கா அவளுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கோல் இல்லாமலே எண்ணிக்கொண்டு வந்தாள். முந்நூற்றுச் சொச்சத்தில் கணக்கு விட்டுப்போக, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள், மறுபடி விட்டுப்போக, நடு நிலத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எத்தனை நாளாயிற்று அவள் அப்படிச் சிரித்து! பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எத்தனை மணி நேரம் ஊறவைக்கணும் என்று கேட்டார். "மணியக் கேக்காதீங்க, விதையப் பாருங்க" என்றாள் அக்கா, என்னமோ அவளே கண்டுபிடித்த மாதிரி. அந்த வார்த்தை அக்காவுக்கே இருக்கட்டும் என்று தராசு எண்ணுவதைத் தொடர்ந்தாள்.

அத்தான் ஐஸ் லோடைப் பாதியில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நிலத்துக்குள் கால் வைக்கப் பயந்து வரப்பிலேயே நின்றார்.

"அந்தக் கம்பெனி ஆளு நாளைக்கு வரேன்னிருக்கான். வந்தா, நான் வீட்டுல இல்லன்னு சொல்லிடு."

"ஏன் இல்லன்னு சொல்லணும்?" என்றாள் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "இருக்காரு, நிலத்துல களை எடுத்துக்கிட்டு இருக்காருன்னு சொல்றேன்."